தையல் பிரித்த புத்தகம்

2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் பாடப்புத்தகம் அட்டைகளாகப் பிரிந்தது. தொடக்க வகுப்புப் பாடங்கள் சிறு சிறு படிகளாகக் கூறுபோடப்பட்டன. படிக்கு ஓர் அட்டை என அச்சடித்துத் தட்டுகளில் அடுக்கினார்கள். தட்டுகள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. சுவரில் ஓர் ஏணிப்படம். காலையில் வகுப்புக்குள் நுழையும் பிள்ளை, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஏணியில் பார்த்துவிட்டு, அதற்கான அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்காரும். எல்லாரும் ஒரே பக்கத்தைத் திறவுங்கள் என்று ஆசிரியர் சொல்லும் வழக்கம் அந்த வகுப்பறைகளில் நின்றுபோனது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். முறையின் பெயர் செயல்வழிக் கற்றல். ஆசிரியர்கள் வாயில் ஏபிஎல்.

தமிழ்நாட்டில் உருவான ஊடாடும் நூல்களில் மிகப் பெரியது இந்த அட்டைத் தட்டுதான் என்பது என் கருத்து. ஊடாடும் நூல் என்றதும் விரலால் தொட்டால் யானை பிளிறும் ஐபேடு கதைப்புத்தகம்தான் நம் நினைவுக்கு வருகிறது. இதற்கு எழுதப்படும் வழக்கமான வரலாறும் அந்த இடத்தை நோக்கியே ஓடும்: முதலில் விரித்தால் எழுந்து நிற்கும் படப்புத்தகம், பிறகு சிடி, பிறகு 2010இல் ஐபேடு, அதன்பின் கைப்பேசிச் செயலி. கருவி புதிதாகப் புதிதாக நூலும் வளர்ந்துவிட்டதாக அந்த வரலாறு எடுத்துக்கொள்கிறது. நான் கையில் எடுக்கும் அளவுகோல் வேறு. அடுத்த பக்கம் எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? வாசகரா, நூலை ஆக்கியவரா, தற்செயலா, எங்கோ இருக்கும் ஒரு கணினியா? இந்தக் கேள்வியோடு பார்த்தால் தமிழ் நூல்களின் கதை நேர்கோட்டில் ஏறவில்லை என்பது தெரியும். சில இடங்களில் இறங்கியும் இருக்கிறது.

மேற்கில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1540இல் பீட்டர் அப்பியன் வெளியிட்ட வானியல் நூலில் கோள்களின் இடத்தைக் கண்டறியச் சுழற்றிப் பார்க்கும் காகிதச் சக்கரங்கள் இருந்தன. சில ஆண்டுகளில் வெசேலியஸின் உடற்கூற்று நூல், உறுப்புகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் தாள்களோடு வந்தது. 1961இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ பத்துப் பதினான்கடிப் பாடல்களை எழுதி, அடி அடியாகக் கத்தரித்த பட்டைகளாகத் தைத்துக் கொடுத்தார். எந்தப் பாட்டின் அடியையும் எந்தப் பாட்டோடும் சேர்க்கலாம். கிடைக்கும் பாடல்களின் எண்ணிக்கை நூறு லட்சம் கோடி. நம் பேச்சுக்கு இவற்றைவிட நெருக்கமானவர் நார்மன் கிரவுடர். அமெரிக்க விமானப்படையில் பயிற்சிப் பணியில் இருந்த அவர் 1958 முதல் வெளியிட்ட பாடநூல்களில் பக்கங்கள் வேண்டுமென்றே கலைத்துப் போடப்பட்டிருந்தன. ஒரு கேள்வி, அதற்குச் சில விடைகள், விடைக்கு ஒரு பக்க எண். தவறான விடையைத் தேர்ந்து அந்தப் பக்கத்துக்குப் போனால், எங்கே சறுக்கினீர்கள் என்பதற்கான விளக்கம் காத்திருக்கும். 1979இல் தொடங்கி அமெரிக்கச் சிறுவர்களைக் கட்டிப்போட்ட 'உன் சாகசத்தை நீயே தேர்ந்துகொள்' வகைக் கதைவரிசைக்குள்ளும் இதே இயந்திரம்தான் ஓடியது.

தமிழில் இந்த விளையாட்டு ஓலைச்சுவடிக் காலத்திலேயே உண்டு. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரகவிகளுக்கு இலக்கணம் வகுக்கிறது. அந்தப் பட்டியலை வாசகருக்கு இடப்படும் வேலைகளின் பட்டியலாகவும் படிக்கலாம். நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடல்வழியே எழுத்துகளைத் தொடர்ந்துபோக வேண்டும். உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்து எழுத்து இரண்டு பக்கத்துக்கும் பொது. சுழிகுளத்தில் நான்கு அடிகள், அடிக்கு எட்டு எழுத்துகள். நேராகப் படித்தாலும் ஓரத்திலிருந்து சுழன்று உள்ளே போனாலும் அதே பாட்டு. காதைகரப்பில் ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும்; எழுத்துகளை இடைவிட்டுப் பொறுக்கினால்தான் வெளியே வரும். அக்கரச்சுதகத்தில் ஓரெழுத்தை நீக்க நீக்க வேறு வேறு பொருள் பிறக்கும்.

இவற்றை வெறும் சொற்சிலம்பம் என்று ஒதுக்குகிற போக்கு நவீன விமர்சனத்தில் உண்டு. கவிதை என்ற கோணத்தில் அந்த ஒதுக்கல் பெரும்பாலும் நியாயம்தான். படிக்கும் செயல் என்ற கோணத்தில் பார்த்தால் இவை அசாதாரணமான ஆக்கங்கள். வாசகர் விரலை வைத்து நகர்த்தாவிட்டால் பாட்டே இல்லை. பரிதிமாற்கலைஞர் இத்துறைக்கென்றே 'சித்திரக்கவி விளக்கம்' என்ற நூலை எழுதினார். 1929இல் சென்னையில் மறைந்த பாம்பன் சுவாமிகள் வேலின் வடிவத்தில் எழுத்துகளை அடைத்த சஸ்திரபந்தத்தை முருக பக்தர்கள் இன்றும் படமாகப் பூசையறையில் மாட்டிவைக்கிறார்கள். மாட்டிவைத்த பிறகு அதை யாரும் விரல்வைத்துப் படிப்பதாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

பண்டிதர் அல்லாதவர்கள் கைக்கு வந்த ஊடாடும் நூல்கள் ஆரூடங்கள். ராயபுரத்துக்குத் தெற்கே கொண்டித்தோப்பு வெங்கட்ராமர் தெருவில் இருந்த பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ், பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களால் தமிழ்நாடு முழுக்க அறியப்பட்ட பதிப்பகம். இப்படிப்பட்ட வடசென்னை அச்சகங்களிலிருந்து கதையும் கும்மியும் சோதிடமுமாக மலிவு விலைப் புத்தகங்கள் சந்தைக்கும் திருவிழாவுக்கும் போயின. அந்த உலகத்தில் ஆரூட நூலுக்கு நிலையான இடம் உண்டு. பாய்ச்சிகை ஆரூடத்தில் காயை உருட்டி, விழுந்த எண்ணுக்கான பாட்டைத் தேடிப் படிக்க வேண்டும். பாம்புப் பஞ்சாங்கத்தில் வரும் சீதா சக்கரம் இன்னும் எளிது: கண்ணை மூடி ஒரு கட்டத்தில் விரலை வை, அந்த எண்ணுக்கு எழுதியிருப்பதைப் படி.

இந்த நூல்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை யாரும் படிப்பதில்லை. கேள்வி வாசகருடையது, வழியைத் தீர்மானிப்பது தற்செயல், பதிலுக்குப் பொருள் சொல்லிக்கொள்வது மறுபடியும் வாசகர். பகுத்தறிவாளர்கள் முகம் சுளிக்கலாம். நானும் ஆரூடம் பலிக்கும் என்று சொல்ல வரவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், ஒரு வீடே ஒரு நூலைப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டை மலிவு அச்சு எப்போதோ செய்து முடித்துவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பெண்ணுக்கு வரன் அமையுமா, தொலைந்த மாடு வருமா என்று கேட்டு வந்தவர்களுக்கு அந்தப் புத்தகம் படிக்கும் பொருளாக இருக்கவில்லை, கேட்கும் பொருளாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1789 முதல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதியைக் கவனித்துவந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அருகே ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியின் ஆசிரியர்கள் அதைச் செய்ய முன்வராததால், கற்ற மாணவனையே கல்லாத மாணவனுக்கு ஆசிரியனாக்கினார். லண்டன் திரும்பி 1797இல் இதை நூலாக வெளியிட்டார். பிரிட்டனிலும் அதன் காலனிகளிலும் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பரவியது அது. திண்ணைப் பள்ளியில் நூல் என்பது வாங்கிவரும் பொருள் அல்ல. வாத்தியார் ஓலையில் எழுதித்தருவதைப் பார்த்து எழுதி எழுதி மாணவனே தன் சுவடியைச் சேர்த்துக்கொள்வான். ஆளுக்கொரு வேகம், ஆளுக்கொரு சுவடி. அடியும் உதையும் சாதியும் நிறைந்த பள்ளிதான் அது, ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகள் அனைவரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே கிடையாது. அந்த எண்ணத்தைக் கொண்டுவந்தது அச்சிட்ட பாடநூலும் அதன் பின்னால் வந்த தேர்வும் பள்ளி ஆய்வாளரும்.

ஏபிஎல் அட்டையின் நேரடித் தாய்வீடு ஆந்திரத்தின் ரிஷிவேலி. அங்கே பத்மநாப ராவும் ராமாவும் 1980களின் பிற்பகுதியிலிருந்து, ஓர் ஆசிரியர் மட்டுமே உள்ள கிராமப் பள்ளிகளுக்காகப் பாடநூலைக் கலைத்து அட்டைகளாக்கி வந்தார்கள். பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கும்போது ஒரே பாடம் நடத்த முடியாது என்ற நெருக்கடியிலிருந்து பிறந்த தீர்வு அது. சென்னை ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்து, பழகி, தமிழில் தாங்களே அட்டைகளை உருவாக்கினார்கள்.

அந்த நூல் இயங்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாடமும் மைல்கற்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு மைல்கல்லுக்குள் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, தடுக்கியவர்களுக்கு வலுவூட்டல், முந்தியவர்களுக்குக் கூடுதல் வேலை என அட்டைகள். ஒவ்வொரு வகைக்கும் விலங்கோ பறவையோ ஒரு சின்னம். எழுத்தே தெரியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் சின்னத்தையும் எண்ணையும் வைத்துத் தன் அட்டையைக் கண்டுபிடித்துவிடும். அதே சின்னம் குழு அட்டையிலும் இருக்கும். அதைப் பார்த்தால் எங்கே உட்காருவது என்று தெரியும்: ஆசிரியர் பக்கத்திலிருந்து உதவும் குழுவா, கூடப் படிக்கும் பிள்ளை உதவும் குழுவா, தனியாகச் செய்ய வேண்டியதா. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைக்கு ஓர் இடம் என்று கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப்பந்தலில் அவர்கள் வரைந்ததும் வெட்டி ஒட்டியதும் தொங்கும். வருகையையும் தானே பதிந்துகொள்ளலாம். எல்லா வகுப்புகளும் ஒன்றாய் உட்காரும் அறையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது இயல்பாக நடந்தது. ஆண்ட்ரூ பெல் இதை அடையாளம் கண்டிருப்பார்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வராத நாட்களின் கணக்கு. தைத்த பாடநூலில் ஒரு மாதம் வராத பிள்ளைக்கு ஒரு மாதப் பாடம் போனது போனதுதான், வகுப்பு நகர்ந்துவிட்டிருக்கும். ஏணியில் அப்படி இல்லை. விட்ட அட்டை அங்கேயே இருக்கும். துறைமுகத்தில் நாள்கூலி, காசிமேட்டில் மீன்வேலை, செங்கல் சூளைக்கு மூன்று மாதம் இடம்பெயர்வு என்று வாழும் வீடுகளின் பிள்ளைகளுக்கு நூல் காத்திருப்பது சின்ன விஷயம் அல்ல. 13 பள்ளிகளில் தொடங்கிய முறை விரைவில் மாநகராட்சியின் மற்றப் பள்ளிகளுக்கும், 2007-08இல் மாநிலத்தின் சுமார் 37,000 பள்ளிகளுக்கும் விரிந்தது. உதாரணமாக, மாதவரத்துக்கும் மணலிக்கும் இடையே உள்ள மாத்தூர் அப்போது திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சி. மாநகராட்சிக்குள் சேர்ந்தது 2011இல். எனவே மாநகராட்சிப் பள்ளிகளில் பிறந்த அட்டை, அதன் எல்லைக்கு வெளியே நின்ற இந்தப் பகுதிக்கு மாநில விரிவாக்கத்தோடுதான் வந்தது.

குறைகளும் இருந்தன. அட்டை கிழியும், மூலை மடங்கும், காணாமல் போகும். ஒன்று தொலைந்தால் ஏணியில் ஒரு படி இல்லை. 40 பிள்ளைகள் 40 படிகளில் நிற்கும்போது ஓர் ஆசிரியர் எல்லாரையும் எப்படிப் பார்ப்பது? பெற்றோருக்கு வேறு குறை: பையில் புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பிள்ளை என்ன படிக்கிறது என்றே தெரியவில்லை. பக்கத்து மெட்ரிக் பள்ளிப் பிள்ளை முதுகு வளையப் புத்தகம் சுமந்துபோகும் தெருவில் இந்தக் குறை எடுபடத்தான் செய்யும். ஏணியும் முழுச் சுதந்திரம் தந்துவிடவில்லை. வழியை வகுத்தவர் வேறொருவர். பிள்ளை கையில் இருந்தது வேகமும், தடுக்கினால் எடுக்கும் மாற்று அட்டையும்தான். நூல்கள் வாசகருக்கு இவ்வளவு விட்டுக்கொடுப்பதே அபூர்வம் என்பதால்தான் இதைப் பெரிதாகப் பேசுகிறேன்.

அதே ஆண்டுகளில் சென்னையின் தென்முனையில், திருவான்மியூரில், வேறொரு வகையில் நூலின் உடலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கீதா உல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், கையால் திரைஅச்சு செய்த நூல்களுக்காக உலகமெங்கும் பெயர் பெற்றது. வங்காளப் பட்டுவா கலைஞர்கள் மொய்னா, ஜாய்தேவ் சித்ரகரின் 'சுனாமி' 2009இல் வந்தபோது, அது பக்கம் புரட்டும் நூலாக இல்லாமல் நீளமாக விரித்துக் காட்டும் சுருளாக இருந்தது. பாடிக்கொண்டே விரிக்கும் கிராமத்து வழக்கத்தின் அச்சு வடிவம். அழகான நூல்கள். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிவந்த எண்ணூர், திருவொற்றியூர்க் குப்பங்களின் பிள்ளைகள் கைக்கு எட்டும் விலையில் அவை இல்லை. மாநகராட்சிப் பள்ளியின் அட்டையும் திருவான்மியூரின் சுருளும் ஒரே நகரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலேயே இருந்தன.

2018 மே மாதம் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கான புதிய பாடநூல்கள் வெளியாயின. வண்ணமும் வடிவமைப்பும் மாறியதை எல்லாரும் பாராட்டினார்கள், நியாயமான பாராட்டு. பாடங்களில் கறுப்பு வெள்ளைச் சதுரம் ஒன்று முளைத்தது: க்யூஆர் கோடு. பாடநூல் அதை விரைவுக் குறியீடு என்றது. கைப்பேசியைக் காட்டினால் பாடத்தோடு தொடர்புள்ள காணொளி திறக்கும். கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்ற பெட்டி, ஜியோஜீப்ராவில் கோணத்தையும் கோட்டையும் இழுத்துப் பார்க்கச் சொன்னது. உண்மையில் இழுத்துப் பார்க்கும் அந்தப் பெட்டிதான் நல்ல ஊடாட்டம்; மாணவர் ஒன்றைச் செய்கிறார், உருவம் மாறுகிறது, ஏன் மாறியது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. காணொளி அப்படி இல்லை. அச்சுப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு தொலைக்காட்சியை மாட்டியது போல அது.

அந்தச் சதுரம் 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியது. அசோக் லேலண்டும் ராயல் என்ஃபீல்டும் வளர்ந்த எண்ணூர்-திருவொற்றியூர்ப் பகுதியில் இதைச் சொல்வது பொருத்தம். தொழிற்சாலையில் பெட்டி எங்கிருந்து வந்தது, எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சதுரம், பிள்ளையின் புத்தகத்தில் பாடம் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறது. ஒன்றிய அரசு 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தீக்‌ஷா கல்வித் தளத்தின் குறியீடுகளில் ஒரு நுட்பம் உண்டு. சதுரத்துக்குள் காணொளியின் முகவரி நேரடியாக இருப்பதில்லை. ஆறு எழுத்து-எண் கொண்ட ஒரு குறி இருக்கிறது. அந்தக் குறிக்கு எந்த உள்ளடக்கம் என்பதைத் தளத்தில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நூலை மறுபடி அச்சிட வேண்டியதில்லை. நிர்வாகத்துக்கு இது பெரிய வசதி. நம் அளவுகோலில் வைத்தால் இதன் பொருள் வேறு: அடுத்து என்ன வரும் என்பது வாசகரின் விடையைப் பொறுத்து மாறுவதில்லை, தளத்தை நடத்துபவர் விருப்பத்தைப் பொறுத்து மாறும். சரியாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கும் புரியாத பிள்ளைக்கும் ஒரே காணொளிதான். கிரவுடர் 1958இல் காகிதத்தில் செய்ததை இந்தச் சதுரம் செய்வதில்லை.

கைப்பேசி யாரிடம் இருக்கிறது என்பதும் நூலின் பகுதிதான். மாத்தூரிலும் மணலியிலும் ஒரே ஒரு நல்ல போன் இருக்கும் வீடுகள் ஏராளம். அது அப்பாவோடு ஷிப்டுக்கோ கன்டெய்னர் லாரிக்கோ போய்விடும். பிள்ளை புத்தகத்தோடு உட்காரும் மாலையில் போன் வீட்டில் இருக்காது. போன் வரும் இரவில் பிள்ளை தூங்கியிருக்கும், இல்லாவிட்டால் அண்ணன் கையில் விளையாட்டுக்குப் போயிருக்கும். 2020இல் பள்ளிகள் மூடியபோது இந்தக் கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. 2019இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போது கைகொடுத்தது. தொலைக்காட்சி வேலைக்குப் போவதில்லை. ஜெராக்ஸ் கடைகளின் பங்கையும் யாராவது எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பயிற்சித்தாளைப் பக்கத்துக்குச் சில ரூபாய் கொடுத்து அச்செடுத்து, பிள்ளையைப் பேனாவால் எழுதவைத்து, அதைப் போட்டோ பிடித்து ஆசிரியருக்கு அனுப்பினார்கள் தாய்மார்கள். அச்சிலிருந்து மின்வடிவத்துக்கு என்ற ஒருவழிப் பயணம் ஆய்வேடுகளில் இருக்கிறது; கடைத்தெருவில் காகிதமும் திரையும் ஒன்றையொன்று மாற்றிமாற்றிப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தன.

திரைநூல் சிறு பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்பதில் நல்ல ஆய்வுகள் வந்துவிட்டன. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் 43 ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்துப் பார்த்தார்கள். கதையோடு ஒட்டி அசையும் படமும் ஒலியும் பிள்ளைகள் கதையைப் புரிந்துகொள்ள உதவின. தொட்டால் குதிக்கும் தவளை, நடுவில் வரும் விளையாட்டு போன்றவை உதவவில்லை. பின்தங்கிய சூழலிலிருந்து வந்த பிள்ளைகளை அவை கூடுதலாகவே திசைதிருப்பின. விற்பனையாளர்கள் ஊடாட்டம் என்று காட்டுவதே கதையிலிருந்து பிள்ளையை வெளியே இழுக்கிறது. இன்னொரு பக்கம், கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் டெல்லியில் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர் தரும் விடையைப் பார்த்து அவர் உண்மையில் நிற்கும் நிலைக்கேற்ற அடுத்த கேள்வியைக் கொடுக்கும் மென்பொருள், நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தந்தது. திரை என்பதால் கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை. டெல்லி மென்பொருள் செய்தது ஏபிஎல் தட்டு செய்ய முயன்றதைத்தான்: வகுப்பு எங்கே நிற்க வேண்டும் என்று பாராமல் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது.

தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பின் நடந்த ஓர் அளவீட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பள்ளி மூடலால் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. அது செயலி அல்ல. மாலையில் திண்ணையிலும் சமுதாயக்கூடத்திலும் பிள்ளைகளோடு உட்கார்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தத் தெருப் பெண்கள்.

2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்ட இடம் மாத்தூருக்கு அதிகத் தொலைவில்லாத அழிஞ்சிவாக்கம், திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சிப் பள்ளி. முதல் மூன்று வகுப்புகளுக்குப் பயிற்சிநூல்கள் வந்தன. தொடங்கியபோது பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒரே வகுப்பறையில் நிலைக்கேற்ற பக்கங்களைச் செய்தார்கள். கதைக் களம், படைப்புக் களம் என்று அறையின் மூலைகள் மறுபடி உயிர்பெற்றன. 2023இல் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிவைத்து மெல்லிய கதைப்புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. திரையை நம்பாமல் காகிதத்துக்குத் திரும்பிய இந்த முடிவு எனக்கு உவப்பானது. ப்ரதம் புக்ஸ் 2015இல் திறந்த ஸ்டோரிவீவர் தளமும் இந்தத் திசையில்தான் வேலை செய்கிறது. அங்கே ஆசிரியர் ஒரு கதையைத் தன் வகுப்புக்கேற்ற தமிழில் மாற்றி எழுதி, அச்செடுத்துக் கையில் கொடுக்கலாம். உரிமம் அதற்கு இடம் தருகிறது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஏபிஎல்லின் நல்ல கூறுகள் பல திரும்ப வந்திருக்கின்றன. ஒன்று வரவில்லை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆசிரியரின் கைப்பேசிச் செயலியில் பதியும் மதிப்பீடுதான் சொல்கிறது. ஏணி இப்போது துறையின் தரவுத்தளத்தில் இருக்கிறது. வட்டார அலுவலகத்தில் ஒருவர் மாத்தூர்ப் பள்ளி ஒன்றின் இரண்டாம் வகுப்பு எங்கே நிற்கிறது என்று திரையில் பார்க்கலாம்; அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளை தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வழியில்லை. ஏபிஎல் காலத்துப் பிள்ளை சுவரில் இருந்த ஏணியில் அதைத் தினமும் பார்த்தது. தன் பெயருக்கு நேரே தானே கட்டத்தை நிரப்பியது. அடுத்த அட்டை எது என்று ஆசிரியரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஏணியைத் திரும்பக் கொடுக்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. பயிற்சிநூலின் பின்னட்டை உட்புறத்தில் அந்தப் பருவத்துக்கான படிகளைச் சின்னங்களோடு அச்சிட்டு, பிள்ளை தானே வண்ணமடிக்க இடம் விட்டால் போதும். வீட்டில் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். பிள்ளை என்ன படிக்கிறது என்று தெரியவில்லை என்ற பெற்றோரின் பழைய குறைக்கும் அது பதிலாகும். செயலியில் ஆசிரியர் பதிவதைப் பதியட்டும். கூடுதல் செலவு ஒரு பக்கத்தின் அச்சு.